அழுக்கு எந்தப் பக்கம், மச்சான்?

வெக்கத்த விட்டுச் சொல்லிர்றேன். அம்பது வயச எட்டிப் பிடிக்கப்போற ஒரு ஆளு, மூணு வாரமா மொட்டமாடில உக்காந்து ஒரு பொம்ம ரயில் இன்ஜினுக்கு அழுக்கு பூசிக்கிட்டு இருந்தேன்.

அழுக்க எடுத்துக்கிட்டு இல்ல... பூசிக்கிட்டு!

அதோட நின்னிருந்தா பரவால்ல. எம் பொண்டாட்டி மட்டும்தான் சிரிச்சிருப்பா. ஆனா நான் பூசுன அழுக்குனால நிசமான ரயில் ஓட்டுற ஒரு மனுசன் தூக்கத்தத் தொலச்சாரு. எங்க அக்கா எங்க வீட்டுல பச்சத்தண்ணி கூட குடிக்காம எந்திரிச்சுப் போச்சு. சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிற ஃபிளெக்ஸ்ல இருந்து எம் மூஞ்சிய மட்டும் தூக்கிட்டாக.

எப்படின்னு கேக்குறீங்களா? இருங்க, மொதல்ல இருந்து வர்றேன்.

இந்தப் பத்திரிகையில நான் எழுதுறத வாரா வாரம் படிக்கிறவங்களுக்கு எஞ்சோலி என்னன்னு தெரியும். போடியில ஏலக்கா கடை. ஏலக்காய்க்கு உசுரே கலருதான். பச்சப் பசேல்னு இருந்தா ராசா. கொஞ்சம் வெளுத்துச்சுன்னா வாங்க வந்தவன் சாம்பிள் தட்டத் தள்ளி வச்சுட்டு டீ குடிக்கப் போயிருவான். அதனால பகல் பூரா எனக்கு ஒரே கவலதான்... புதுசா இருக்கிறது புதுசாவே இருக்கணும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நேர் மாறு. புதுசா இருக்கிறத எப்படிப் பழசாக்குறது?

இந்தப் பொம்ம ரயில் கிறுக்கு பிடிச்சவங்க ஒலகம் பூரா இருக்காங்க. இன்ஜினு, பெட்டி, ஸ்டேசன் எல்லாத்தையும் குட்டியூண்டு செஞ்சு வச்சு அழகு பாப்பாங்க. எங்க கூட்டத்துல ஒரு சட்டம் இருக்கு. பளபளன்னு இருந்தா அது பொம்ம. துரு ஏறி, புகை படிஞ்சு, எண்ண ஒழுகி நின்னாத்தான் அது இன்ஜின். இந்த அழுக்காக்குற வேலைக்கு இங்கிலீசுல 'வெதரிங்'னு கௌரவமா ஒரு பேரு வேற வச்சிருக்கோம். எம் பொண்டாட்டி தேவி அதுக்கு வச்ச பேரு வேற. அத இங்க எழுத முடியாது.

சரி, எதுக்கு இந்த இன்ஜினு?

எங்க அக்கா வீட்டுக்காரரு ரயில் டிரைவர். ஊரு பக்கத்துல சிலமலை, வேல மதுரையில. ரிட்டையர் ஆகப் போறாரு. சொந்த பந்தமெல்லாம் இங்கிட்டு இருக்கிறதால போடி மண்டபத்துலதான் விழா. பொண்டாட்டியோட தம்பின்னா நான் சீர்த்தட்டு தூக்கிட்டுப் போகணும். மோதிரம், வேட்டி சட்ட எல்லாரும் வைப்பாக. நான் வேற மாதிரி யோசிச்சேன். (இந்த ஒரு வாக்கியம்தான் எங்குடும்பத்துல எல்லாப் பிரச்சனைக்கும் ஆரம்பம்.)

மச்சான் வருசக்கணக்கா ஓட்டுன டீசல் இன்ஜின் ஒண்ணு இருக்கு. இப்பவும் கூட்ஸ்ல அதத்தான் ஓட்டுறாரு. அதே நம்பரு, அதே கலரு, அதே அழுக்கோட ஒரு சாண் நீளத்துக்கு செஞ்சு, தட்டுல வச்சு, மேடையில துணிய எடுத்தா எப்படி இருக்கும்? மச்சான் கண்ணு கலங்கும். அக்கா என்னையக் கட்டிப் பிடிக்கும். கூட்டம் கைதட்டும்.

இப்படி நானே படம் ஓட்டிப் பாத்து, நானே கண்ணு கலங்கிட்டேன்.

ஒரே ஒரு கண்டிசன். விழா வரைக்கும் ரகசியம். தேவிக்குத் தெரியும், வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது.

கோயம்புத்தூர்ல ஒரு தம்பி இன்ஜின் பாடிய த்ரீ-டி பிரிண்டர்லயே அடிச்சு அனுப்பிச்சாரு. சாம்பல் கலர்ல சோப்பு டப்பா மாதிரி இருந்துச்சு. மொதல்ல பிரைமர்ங்கிற அடிப்பூச்சு. அது காஞ்சதும் நீலம். அப்புறம் டேப்ப ஒட்டி மறச்சுக்கிட்டு நடுவுல வெள்ளப் பட்ட. பிரஷ்ல அடிச்சா கோடு கோடா தெரியும்னு ஏர்பிரஷ் வாங்குனேன். பேனா மாதிரி ஒண்ணு, அதுக்குப் பின்னால ஒரு டியூபு, டியூபுக்குப் பின்னால ஒரு சின்ன கம்ப்ரஸர். அது போடுற சத்தத்தக் கேட்டுட்டு எதுத்த வீட்டுக்காரரு சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்துட்டாரு.

"தம்பி, காத்தடிக்கிறீகளாமே?"

என்ன பண்றது... அடிச்சு விட்டேன்.

ஆனா ஆடி மாசத்துல போடியில மொட்டமாடில பெயிண்ட் அடிக்கணும்னு நெனச்சவன் எப்படிப்பட்ட அறிவாளியா இருப்பான்? மலையில இருந்து எறங்குற காத்து கொடியில காயிற வேட்டிய அடுத்த தெருவுல கொண்டுபோயி காயப்போடுற காலம் அது. வாசிங்மெசின் அட்டப்பெட்டிக்குள்ள இன்ஜின வச்சு, நானும் தலைய உள்ள விட்டு அடிச்சேன். காத்து விடல. ஈரப் பெயிண்ட் மேல அப்படியே ஒரு தட்டு மண்ணு.

தேவி வந்து எட்டிப் பாத்துச்சு.

"அதான் அழுக்காயிருச்சே... சோலி முடிஞ்சுதுல்ல? எந்திரிச்சு வாங்க."

"இது இல்ல தேவி. இது தானா வந்த அழுக்கு. நான் பூசுற அழுக்கு வேற."

தேவி விடல. "ஃபேன் மேல தானா வந்த அழுக்கு நெறைய இருக்கு. அதத் தொடச்சுக் குடுத்துட்டு ஒங்க அழுக்கப் பூசுங்க."

ஃபேனத் தொடச்சேன். இன்ஜினத் தேச்சுட்டு மறுபடி அடிச்சேன்.

அடுத்து நம்பரு, எழுத்து. இதுக்கு டிகால்னு ஒண்ணு இருக்கு. வெங்காயத் தோலு மாதிரி மெல்லிசான ஸ்டிக்கர். தண்ணியில ஊறப்போட்டா பேப்பர்ல இருந்து வழுக்கிக்கிட்டு வரும். அத அப்படியே இன்ஜின் மேல நகத்தி விட்டு, தண்ணிய ஒத்தி எடுத்தா பெயிண்ட்டுல எழுதுன மாதிரியே ஒக்காந்துரும். அதுக்கு மேல வார்னிஷ். அதுக்கு மேலதான் அழுக்கு. இந்த வரிச மாறவே கூடாது. இத ஞாபகம் வச்சுக்கங்க. நான் வச்சுக்கல.

ஸ்டிக்கருக்கு நம்ம ஊர்ல ஒரே ஆளு, ஸ்டிக்கர் பாண்டி. மலைக்கு ஏறுற பாதி ஜீப்பு கண்ணாடியில பாண்டி கை வண்ணம்தான். கலியாண ஃபிளெக்ஸ், காதுகுத்து ஃபிளெக்ஸ் எல்லாம் அங்கதான். போயி, யாருக்குன்னு மட்டும் சொல்லாம விவரம் சொன்னேன்.

"மதுரைக்கு அனுப்பி அந்த மெல்லிசு சீட்டுல அடிச்சு வாங்கிருவோம்ணே. உள்ள ஒட்டுறதா, வெளிய ஒட்டுறதா?"

இது என்ன கேள்வி? "உள்ளதான் பாண்டி. வெளிய வச்சு ஒட்டுனா ஒரே தூசியில்ல?"

"சரிண்ணே."

பத்து நாள் கழிச்சு வந்துச்சு பாருங்க. அம்புட்டு எழுத்தும் தலகீழா... இல்ல, இடவலமா! கண்ணாடில பாத்தாத்தான் படிக்க முடியும். ஜீப்பு கண்ணாடிக்கு உள்பக்கமா ஒட்டுற ஸ்டிக்கர அப்படித்தான் திருப்பி அடிப்பாங்களாம். நான் வீட்டுக்கு உள்ளன்னு சொன்னேன். பாண்டி கண்ணாடிக்கு உள்ளன்னு புரிஞ்சுக்கிச்சு. போதாக்கொறைக்கு ஒரு ஓரத்துல, எறும்பு சைசுல, 'குலதெய்வம் துணை'.

"அது யாரு கேட்டா பாண்டி?"

"நம்ம கடையோட அன்பளிப்புண்ணே. எல்லா வண்டிக்கும் போட்டு விடுறது."

மறுபடி மதுரைக்கு ஆர்டர். அதுக்கு ஆகும் நாளு. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுதா? கை அரிச்சுச்சு. டிகால் வர்றப்ப வரட்டும், நாம அழுக்க ஆரம்பிப்போம்னு ஒக்காந்துட்டேன். வரிசைய மாத்தாதீங்கன்னு சொன்னேன்ல? அந்த எடம் இதுதான்.

அழுக்குச் சாமானெல்லாம் நானே சேத்தேன். போடிமெட்டு ஏறி எறங்குற ஜீப்போட மட்கார்டுல இருந்து செம்மண்ணு. (டிரைவர் எங்கிட்ட, "அண்ணே, அப்படியே மத்த மூணு வீலையும் வழிச்சு எடுத்துருங்களேன்"னு கேட்டுக்கிட்டாரு.) கடையோட பழைய ஷட்டர்ல இருந்து துரு. மலையில ஏலக்கா காயப்போடுற ஸ்டோர்ல, அடுப்புப் புகைக் குழாயில இருந்து ஒரு டப்பா கரி. எல்லாத்தையும் வீட்டு டீ வடிகட்டில சலிச்சேன். ரெண்டு நாள் டீயில லேசா ஜீப்பு வாசன வந்துச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல.

சாமான் ரெடி. ஆனா எதை எங்க பூசுறது? துரு எந்த மூலையில? எண்ண எந்தப் பக்கம் ஒழுகும்? மச்சான் இன்ஜின்ல இருக்கிற அதே அழுக்கு அதே எடத்துல வந்தாத்தானே அழகு? அதனால மச்சானுக்கே போனப் போட்டேன்.

டூட்டில போனத் தொடமாட்டாரு மச்சான். ஆஃப் பண்ணி பையில போட்டுட்டுத்தான் இன்ஜின்ல ஏறுவாரு. வீட்டுக்கு வந்த நேரம் பாத்துப் பிடிச்சேன்.

"மச்சான், ஒங்க இன்ஜின்ல துரு எங்கெங்க இருக்கு?"



"என்னாத்துக்கு மாப்ளே?"

"சும்மாதான் மச்சான்."

இந்த 'சும்மா'ங்கிற சொல்லு இருக்கே... நம்ம ஊர்ல யாராவது சும்மா கேட்டேன்னு சொன்னா ஒடனே நம்ம கை தானா சட்டப் பையத் தொட்டுப் பாக்கும். அது தெரிஞ்சும் சொன்னேன். சொல்லிட்டு நிறுத்துனேனா?

"கீழ எண்ண ஒழுகுமே, அது எந்தப் பக்கம் ஜாஸ்தி?"

"யாரு சொன்னது ஒழுகுதுன்னு?"

"மேல புகை படிஞ்சிருக்குமே மச்சான், அத யாருமே தொடைக்க மாட்டாங்களா?"

"மாப்ளே... ஒனக்கு என்ன வேணும்?"

"அழுக்கா இருக்கிற எடமாப் பாத்து நாலு போட்டோ வேணும் மச்சான். நல்லா கிட்டக்க."

"பாக்குறேன்"னு சொல்லிட்டு வச்சுட்டாரு.

இப்ப நீங்க மச்சான் எடத்துல இருந்து பாருங்க. ரிட்டையர் ஆக ஒரு மாசம் கூட இல்ல. இத்தன வருச சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்குனது இல்ல, ஒரு விளக்கம் எழுதிக் குடுத்தது இல்ல. அத அவரு வெளிய சொல்லிக்க மாட்டாரு, ஆனா அவரு நடையிலயே அது தெரியும். அந்த நேரத்துல பத்திரிகையில வாரா வாரம் எழுதுற மச்சினன் போனப் போட்டு, இன்ஜின்ல துரு எங்க, ஒழுகல் எங்க, ஏன் தொடைக்கல, போட்டோ அனுப்புன்னா?

எம் பழைய கதை வேற இருக்கு. ஒரு கலியாண வீட்டு சாம்பாரப் பத்தி இதே பக்கத்துல வெளாட்டா எழுதுனேன், ஞாபகம் இருக்கா? அந்தச் சமையல்காரரு இன்னைக்கும் என்னையப் பாத்தா ரோட்ட கிராஸ் பண்ணி அந்தப் பக்கமாப் போறாரு. எதுத்தாப்புல பஸ்சு வந்தாலும் கிராஸ் பண்றாரு.

மச்சான் முடிவே பண்ணிட்டாரு. ரிட்டையர்மென்ட் அன்னைக்கு நான் தரப்போற சீரு, பத்திரிகையில ஒரு கட்டுரை. 'அழுக்கு இன்ஜின்'னு தலைப்புப் போட்டு. அப்புறம் யாராவது படிச்சுட்டு விசாரணைன்னு கெளம்பி, இத்தன வருசம் கட்டிக் காத்த பேரு கடைசி வாரத்துல போச்சு!

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. போட்டோ வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

போட்டோவும் வந்துச்சு. ஷெட்டுல இன்ஜின் நிக்கிது... கலியாண மாப்பிள்ள மாதிரி! பக்கத்துல மச்சான், கையில ஒரு கத்தப் பஞ்சு, இன்ஜின் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு. அடுத்த போட்டோ, கைப்பிடியத் தொடச்சுக்கிட்டு. அடுத்தது, நம்பரத் தொடச்சுக்கிட்டு. டூட்டி முடிஞ்ச மனுசன் வீட்டுக்குப் போகாம, கூட இருந்த பையன போட்டோ எடுக்கச் சொல்லிட்டு, கண்ணுக்குத் தெரிஞ்ச எடத்தையெல்லாம் தொடச்சிருக்காரு.

எனக்கு வெறுப்பா வந்துச்சு. நான் ஆசப்பட்ட அழுக்கையெல்லாம் தொடச்சுட்டாரே! மெசேஜ் போட்டேன்: "மச்சான், இது வேணாம். தொடைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது இருந்தா அனுப்புங்க."

அதுக்கப்புறம் மச்சான் போனே எடுக்கல.

நல்லவேளையா ரெண்டு மூணு போட்டோல, அவரு கை எட்டாத எடத்துல, கொஞ்சம் துருவும் ஒழுகலும் மிச்சம் இருந்துச்சு. அதப் பெருசாக்கிப் பாத்துப் பாத்துப் பூச ஆரம்பிச்சேன். ஸ்பாஞ்சுத் துண்டால துருவ ஒத்துறது, கருப்பத் தண்ணியாக் கரச்சு மூல முடுக்குல ஓட விடுறது, புகைக் கூண்டச் சுத்தி கரித் தூள்... அடடா, சொர்க்கம்.

ஒருநாள் காலையில கரி சலிச்சுக்கிட்டு இருக்கேன், வாசல்ல அக்கா. மதுரையில இருந்து ரயில் ஏறி வந்திருக்கு. சொல்லாம கொள்ளாம.

"வாக்கா... உக்காரு. தேவி, காப்பி கொண்டா!"

"காப்பி வேணாம்."

"தண்ணியாவது..."

"தண்ணியும் வேணாம்."

எங்க ஊர்ல இது சாதாரண விசயம் இல்ல. சண்ட போட வந்தவங்க கூட தண்ணி குடிச்சுட்டுத்தான் போடுவாங்க.

"நீ எழுதுறியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"எதக்கா?"

"அவரு இன்ஜின் துருப்பிடிச்சுக் கெடக்கு, எண்ண ஒழுகுதுன்னு."

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. வெளங்குன ஒடனே நான் என்ன செஞ்சிருக்கணும்? உண்மையச் சொல்லியிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? சிரிச்சேன். அடக்க முடியாம சிரிச்சேன்.

அக்கா கண்ணு கலங்கிருச்சு. "சிரிக்கிறியாடா? ராத்திரி சாப்பாட்டுல கை வச்சபடியே உக்காந்திருக்காரு அந்த மனுசன். ஒழச்சு ஒழச்சு நல்ல பேரோட வெளிய வர்றப்ப, ஒரு வாரம் ஒனக்கு எழுத விசயம் கெடைக்கலன்னு எம் புருசனத்தான் பிடிக்கணுமா?"

"அக்கா, சத்தியமா நான் எழுதல..."

அக்கா எங்கையப் பாத்துச்சு. பத்து வெரலும் கருப்பு.

"அப்பக் கையில என்னடா மை?"

"இது... மை இல்லக்கா..."

"எழுதிக்கிட்டுத்தான் இருக்க! தம்பின்னு நம்பி வந்தேன்ல, என்னையச் சொல்லணும்."

போயிருச்சு. தேவி என்னையத் திட்டுச்சு. "ஒத்த வார்த்த சொல்லி இருந்தா முடிஞ்சிருக்கும்ல? வெரசா ஓடிப்போயி சொல்லுங்க, இன்னும் தெரு முனையக் கூடத் தாண்டியிருக்காது."

நான் போகல. இத்தன நாள் ரகசியமா வச்சத இப்பப் போயி ஒடைக்கிறதா? மேடையில துணிய எடுக்குறப்ப எல்லாம் சரியாயிரும்னு ஒரு வீம்பு. அக்கா கண்ணீர விட எனக்கு என் கைதட்டலு பெருசாத் தெரிஞ்சுச்சு. இதுக்கு மேல என்னத்தச் சொல்ல.

விழாவுக்கு மொத நாள் சாயங்காலம் பாண்டி கூப்பிட்டுச்சு, டிகால் வந்துருச்சுன்னு. போனேன். எழுத்து இந்தத் தடவ நேரா இருந்துச்சு. ஓரத்துல அன்பளிப்பும் இருந்துச்சு.

கடையில தரை பூரா ஒரு ஃபிளெக்ஸ விரிச்சுப் போட்டிருந்தாக. நடுவுல மச்சானும் அக்காவும், பின்னால ஒரு ரயிலு. சுத்தி ஒறவுக்காரங்க படம். சித்தப்பா, பெரியப்பா, பங்காளி வீட்டுப் பேரன், போன மாசம் பொறந்த கொழந்த... எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு. கொழந்தையக் கூடக் கும்பிட வச்சிருந்துச்சு பாண்டி. நான் எம் மூஞ்சியத் தேடுனேன். ரெண்டு தடவ தேடுனேன்.

பாண்டி தலையச் சொறிஞ்சுச்சு. "ஒங்க படம் மொதல்ல இருந்துச்சுண்ணே. நேத்துத்தான் ஒங்க மச்சான் போன் போட்டு எடுக்கச் சொன்னாரு. கோவமா எல்லாம் இல்லண்ணே... மெதுவாத்தான் சொன்னாரு."

அந்த 'மெதுவா'தான் ரொம்பச் சுட்டுச்சு. மச்சான் சத்தம் போட்டு எடுக்கச் சொல்லியிருந்தா சண்ட போட்டிருக்கலாம்.

காலையில எந்திரிச்சு வெரவெரன்னு டிகால ஊறப்போட்டு ஒட்டுனேன். வழுக்கிக்கிட்டு வந்துச்சு, ஒக்காந்துச்சு. நம்பர் பிரமாதம். வார்னிஷ் அடிக்க நேரம் இல்ல. பாண்டி கடையில சுவத்துல எழுதிப் போட்டிருக்கு, 'தூசி துடைத்தபின் ஒட்டவும்'னு. நான் மூணு வாரமா ஆசையாப் பூசுன தூசிக்கு மேல ஒட்டியிருந்தேன்.

மண்டபம். கூட்டம். தட்டத் துணியால மூடி, தேவியோட மேடையேறுனேன். அக்கா வேற பக்கம் திரும்பிக்கிச்சு. மச்சான் மாலையோட நிக்கிறாரு. என்னையப் பாத்ததும் சிரிச்சாரு, ஆனா கண்ணு தட்டு மேலதான்.

கிட்ட வந்து காதுல சொன்னாரு: "மாப்ளே... அதுல பத்திரிகையா? இன்னைக்கு மட்டும் வேணாம்டா. எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கலாம்."

அவரு கெஞ்சுறாரு. எங்கிட்ட. வெரசா துணிய எடுத்துட்டேன்.

கைதட்டல்? ஒருத்தர் தட்டல. முன் வரிசையில இருந்த பெரியப்பா ஒருத்தரு சத்தமாவே கேட்டாரு. "ஏப்பா, பொறந்த வீட்டுச் சீரு... காயலாங்கடையிலயா எடுத்தீக?"

அக்கா மொகம் செத்துப் போச்சு. மாமியா வீட்டுச் சனம் அம்புட்டும் பாத்துக்கிட்டு இருக்கு. தம்பி தட்டுல ஒரு சாணுக்குத் துருப்பிடிச்ச டப்பா.

மச்சான் மட்டும் குனிஞ்சு பாத்தாரு. சட்டப் பையில இருந்து கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு மறுபடி பாத்தாரு. வெரல வச்சு ஒவ்வொரு எடமா...

"இந்த மூலையில துரு..."

"ஆமா மச்சான்."

"ஒழுகல் இந்தப் பக்கம்தான்... நீ கேட்டதெல்லாம்..."

"ஆமா மச்சான்."

"கட்டுரை?"

"கட்டுரையும் இல்ல ஒண்ணும் இல்ல மச்சான். இதுதான்."

மச்சான் நெஞ்சுல இருந்து ஒரு மூச்சு விட்டாரு பாருங்க... கூட்ஸ் வண்டி நிக்கும்போது வருமே, அந்த மாதிரி. அப்புறம் இன்ஜினத் தூக்கி மூக்குகிட்ட வச்சாரு. "என்ன மாப்ளே, ஏலக்கா வாசன அடிக்குது?"

"கரி நம்ம ஸ்டோர்ல எடுத்தது மச்சான்."

சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே, நம்பரச் சுத்திப் படிஞ்சிருந்த தூசிய கட்டவிரலால ஒரு தொட தொடச்சாரு. ஷெட்டுல போட்டோவுக்குத் தொடச்ச மாதிரியே.

"மச்சான், தொடைக்காதீக!"

மைக்குக்குப் பக்கத்துல நின்னு கத்திட்டேன். மண்டபம் பூரா எதிரொலிச்சுச்சு. அப்பத்தான் கூட்டம் சிரிச்சுச்சு. பந்தியில எல போட்டுக்கிட்டு இருந்தவங்க கூட ஓடி வந்துட்டாக.

என்ன பிரயோசனம்? மூணு வார அழுக்கு ஒரு தொடப்புல போச்சு. தூசி மேல ஒட்டுன நம்பரு வழுக்கிக்கிட்டு வந்து, அப்படியே மச்சான் கட்டவிரல்ல ஒட்டிக்கிச்சு. ஒரு எண்ணு கூடக் கிழியல. பக்கத்துல குட்டியா 'குலதெய்வம் துணை'.

"குடுங்க மச்சான், மறுபடி ஒட்டித் தர்றேன்"னேன்.

மச்சான் தரல. வெரலக் கண்ணுக்கு நேரா வச்சு, ஒவ்வொரு எண்ணா வாய்க்குள்ளயே படிச்சாரு. படிச்சு முடிச்சுட்டும் வெரலையே பாத்துக்கிட்டு நின்னாரு. முந்தாநாளு அந்த இன்ஜின்ல இருந்து எறங்குனவரு. இனி ஏற மாட்டாரு. மைக்ல அடுத்த பேரக் கூப்பிட்டுட்டாக, அவருக்குக் காதுல விழல.

அக்கா வந்து எந்தலையில நங்குன்னு ஒரு குட்டு வச்சுச்சு. "லூசுப் பயலே... சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?" அப்புறம் தேவிகிட்ட கேட்டுச்சு, "தண்ணி இருந்தா குடு தேவி, தொண்ட காயுது."

பந்தியில மச்சான் தனக்குப் பக்கத்துலயே என்னைய உக்கார வச்சாரு. சோத்தப் போட்டதும், "ஸ்பூன் கொண்டாங்கப்பா"ன்னாரு.

"கையக் கழுவிட்டு வந்து ஒழுங்கா சாப்பிடுங்க"ன்னு அக்கா அதட்டுச்சு.

"இரு"ன்னாரு மச்சான். கட்டவிரல எலையில படாமத் தூக்கி வச்சுக்கிட்டு ரசம் வரைக்கும் ஸ்பூன்லயே சாப்பிட்டாரு. எதுத்தாப்புல இருந்த பெரியப்பா, "வெரல்ல அடியாப்பா?"ன்னு கேட்டாரு.

"ஆமா, லேசா"ன்னாரு.

சாப்பிட்டு வெளிய வந்தா, ஃபிளெக்ஸ்ல எம் மூஞ்சி! மச்சான் பாண்டிக்கு ஆள் அனுப்பிட்டாரு. எடம் இல்லாததால கீழ ஓரத்துல, சமையல் காண்ட்ராக்டரோட போன் நம்பர் மேல ஒட்டியிருந்துச்சு. ஊர்ல என்னைய எதிரியாப் பாக்குற சமையல்காரங்க எண்ணிக்க அன்னைக்கு ஒண்ணு கூடிருச்சு.

இன்ஜின் இப்ப மதுரையில மச்சான் வீட்டு ஷோகேஸ்ல இருக்கு. ஒரு பக்கம் நம்பர் இருக்கு, இன்னொரு பக்கம் தொடச்ச தடம். புது டிகால் ஒட்டித் தர்றேன்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். வேணாம்னுட்டாரு. ஷோகேஸ் கண்ணாடிய மட்டும் தெனமும் ஒரு பஞ்சு வச்சுத் தொடைக்கிறாராம். அக்கா சொல்லுச்சு.

எல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, இந்தப் பக்கத்துக்கு விசயம் தேடிக்கிட்டு இருந்தப்ப மச்சானுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவ முன்கூட்டியே, சும்மா இல்லன்னு சொல்லிட்டேன்.

"மச்சான், நடந்ததயெல்லாம் எழுதலாம்னு இருக்கேன். ஒங்களுக்குச் சங்கடம்னா வேணாம்."



"தாராளமா எழுது மாப்ளே. அத யாரு படிக்கிறா?"